சால்வடோர் டாலியின் ‘நினைவின் நிலைபேறு’: உருகும் கடிகாரங்களும் உருகாத பாறைகளும்

முன்னுரை

சர்ரியலிசம் எனப்படும் மீமெய்யியல் இயக்கம், ஆந்த்ரே பிரெத்தோன் 1924ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையால் உருப்பெற்றது. கனவையும் நனவிலி மனத்தையும் கலையின் ஊற்றாகக் கொண்ட இவ்வியக்கத்தின் ஓவியங்களுள் பரவலாக அறியப்பட்டது, ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடோர் டாலி 1931இல் தீட்டிய ‘நினைவின் நிலைபேறு’. உருகும் கடிகாரங்களே இதன் அடையாளமாகிவிட்ட நிலையில், தலைப்புச் சுட்டும் ‘நிலைபேறு’ எதனுடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படிமங்கள்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள இவ்வெண்ணெய் வண்ண ஓவியம் ஏறத்தாழ 24 × 33 செ.மீ. அளவே கொண்டது. ஆளரவமற்ற கடற்கரையில் மூன்று கடிகாரங்கள் துவண்டு கிடக்கின்றன. ஒன்று பட்டுப்போன ஒலிவ மரக்கிளையில் தொங்குகிறது. ஒன்று மேடையின் விளிம்பில் வழிகிறது. மற்றொன்று தரையில் கிடக்கும் உருக்குலைந்த முகத்தின்மேல் படிந்துள்ளது. மூடிய விழி கொண்ட அம்முகம் டாலியின் தன்னுருவாகக் கருதப்படுகிறது. நான்காவது கடிகாரம் மட்டும் உருகவில்லை. மூடியபடி கவிழ்ந்து கிடக்கும் அதனை எறும்புகள் மொய்க்கின்றன. டாலியின் படைப்புகளில் எறும்பு அழிவின் குறியீடு ஆகும்.

பொருள்கோள்

இக்கடிகாரங்களை ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையோடு இணைத்துக் காண்போர் உளர். டாலியோ, உண்டபின் எஞ்சிய கமம்பேர் பாலாடைக்கட்டியின் குழைவை எண்ணியபோதே இவ்வுருவம் தோன்றியது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அதே பகுதியில் அவர் தரும் மற்றொரு செய்தி மேலும் இன்றியமையாதது: போர்ட் லிகாட் கடற்கரையின் நிலக்காட்சி முன்னரே தீட்டப்பட்டிருந்தது, கடிகாரங்கள் பின்னரே சேர்க்கப்பட்டன.

1929இன் இறுதியில் தந்தையால் வீட்டினின்று விலக்கப்பட்ட டாலி, 1930இல் போர்ட் லிகாட்டில் மீனவர் குடிசை ஒன்றை வாங்கினார். இளமை முதல் தாம் அறிந்த கரையைவிட்டு அவர் அகலவில்லை. இப்பின்னணியில் நோக்கின், ஓவியத்தின் மேற்பகுதியில் ஒளிபெற்று நிற்கும் கிரேயுஸ் முனைப் பாறைகள் வெறும் பின்புலம் ஆகா. மென்மையான கடிகாரங்கள் உருகுகின்றன, கடினமான கடிகாரம் எறும்புகளுக்கு இரையாகிறது, முகமும் உருவிழக்கிறது. பாறைகள் மட்டுமே கூர்மை குன்றாது நிற்கின்றன.

முடிவுரை

காலத்தை அளக்கும் கருவிகள் அனைத்தும் இவ்வோவியத்தில் தோற்கின்றன. காண்பவனின் முகமும் நிலைக்கவில்லை. எஞ்சுவது அவன் பிறந்து வளர்ந்த நிலமே. எனவே, தலைப்புச் சுட்டும் நிலைபேறு காலத்தைச் சார்ந்ததன்று, இடத்தைச் சார்ந்தது எனக் கொள்ளலாம்.