தாய்மைக் கணக்கு - 14: நஞ்சுக்கொடி தரும் முன்னறிவிப்பு

டபுள் மார்க்கர் பரிசோதனை டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பைக் கணிக்க எடுப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதே ரத்தத்தில் கருவின் வளர்ச்சி பற்றிய தகவலும் உண்டு. ரிப்போர்ட்டில் 'பாப்-ஏ' என்று ஒரு வரி இருக்கும். 1974-ல் கண்டறியப்பட்ட இந்தப் புரதத்தைச் சுரப்பது நஞ்சுக்கொடி. வளர்ச்சிக் காரணிகளைக் கட்டிவைத்திருக்கும் வேறொரு புரதத்தை வெட்டி, அவற்றை விடுவிப்பது இதன் வேலை.

11 முதல் 14 வாரத்துக்குள் பாப்-ஏ மிகவும் குறைந்திருந்தால் நஞ்சுக்கொடி சரியாக வேர்பிடிக்கவில்லையோ என்று மருத்துவர் யோசிப்பார். அதற்காக அலற வேண்டாம். பாப்-ஏ குறைந்த பெண்களில் பெரும்பாலோர் நல்ல எடையுள்ள குழந்தையைத்தான் பெற்றெடுக்கிறார்கள். வளர்ச்சி ஸ்கேனைக் கூடுதலாக எடுத்துப் பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு புரதங்களின் கதையில் நம் ஊர் வாசனை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி, 2003-ல் பாஸ்டனில் தன் குழுவினருடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ரத்தக் குழாய்களைச் செழிக்க வைக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற புரதத்தை, நஞ்சுக்கொடி அளவுக்கு மீறிச் சுரக்கும் எஸ்.எஃப்.எல்.டி-1 பிடித்து முடக்கிவிடுகிறது; கர்ப்பகால ரத்தக்கொதிப்பான பிரீ-எக்லாம்ப்சியாவுக்கு இது காரணமாகலாம் என்றார்கள். சினை எலிகளுக்கு எஸ்.எஃப்.எல்.டி-1 ஏற்றியபோது ரத்த அழுத்தம் எகிறியது, சிறுநீரில் புரதம் போனது. தாய்க்குக் கொதிப்பு ஏறுவதும் கரு வளராமல் நிற்பதும் பல நேரம் ஒரே நஞ்சுக்கொடிக் கோளாறின் இரண்டு முகங்கள். பிரீ-எக்லாம்ப்சியா சந்தேகம் எழுந்த பெண்ணிடம், எஸ்.எஃப்.எல்.டி-1 அளவை பி.எல்.ஜி.எஃப். அளவால் வகுத்து வரும் விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குப் பிரீ-எக்லாம்ப்சியா பயம் அநேகமாக இல்லை என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-ல் இந்த வகைப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது.

ஆனால் எந்த எண்ணும் வாரக் கணக்கு சரியாக இருந்தால்தான் பேசும். பாப்-ஏ நாளுக்கு நாள் ஏறுவது. 11 வாரக் கருவை 13 வாரம் என்று எழுதிவிட்டால் சரியான அளவும் குறைவாகத் தெரியும். நம் நாட்டுத் தாய்மார்களின் தரவை வைத்தே கருவின் வயதைக் கணிக்கும் 'கர்பிணி' சூத்திரங்களைச் சென்னை ஐ.ஐ.டி.யும் பரிதாபாத் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது இதனால்தான்.

இந்த எண்கள் தாயோடு ஊர் மாறும்போது என்ன ஆகும் என்று பார்க்க, இனி ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1-ல் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் சொந்தபந்தம் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு ஆந்திரத்தின் நகரியிலோ புத்தூரிலோ தாய்வீடு இருக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அங்கே போய்விடுவாள். கருவின் வளர்ச்சியை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய காலமும் அதுதான். வளர்ச்சி என்பது ஒருநாள் அளவு அல்ல. அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. 24 வாரத்துக்குப் பின் வயிற்றின் உயரம், சென்டிமீட்டரில், ஏறத்தாழ வாரக் கணக்கை ஒட்டியே போகும். அதில் தேக்கம் கண்டால் ஸ்கேன், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் என்று மருத்துவர் அடுத்த படிக்குப் போவார். பழைய அளவு கையில் இல்லாத புது மருத்துவருக்கு அந்தத் தேக்கம் எப்படித் தெரியும்?

கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் தமிழ்நாடு அரசின் பதிவு; ஆந்திர மருத்துவருக்கு அது மட்டும் போதாது. எல்லை தாண்டும்போது உடன் வர வேண்டியவை கர்ப்பிணி அட்டை, முதல் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். சீர்வரிசைத் தட்டுகளை எண்ணிச் சரிபார்க்கும் பெரியவர்கள் இந்தக் காகிதங்களையும் எண்ணி அனுப்புங்கள். 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். பிரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்க, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் தரும் ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். ரத்தத்தில் எத்தனை புரதங்களை அளந்தாலும், அளந்த தாள் தாயோடு போகாவிட்டால் பயனில்லை.

(தொடரும்)