துபாயில் ஓடிய கார் கொல்கத்தாவிற்கு வருமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாவரும் கலைந்து சென்றபின், தகப்பனார் ஒருவர் மாத்திரம் வாசலருகே காத்திருந்தார். கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு இரயில்வே தலைமையகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, லேக் மார்க்கெட் அருகே குடியிருப்பவர்.

"ஐயா, துபாயில் இருக்கும் மகன் நிரந்தரமாகத் திரும்பி வருகிறான். அவனுடைய காரையும் கப்பலில் கொண்டுவருகிறான். கிதர்பூர் துறைமுகத்திலேயே இறக்கித் தருவதாக ஏஜென்ட் சொல்லி, முன்பணமும் வாங்கிக்கொண்டார். வண்டி வந்ததும் தாங்கள் வந்து ஜெபிக்கவேண்டும்" என்றார்.

அவருடைய முகத்திலிருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அருகில் நின்ற நம் சபைச் சகோதரர் ஒருவர், ஸ்ட்ராண்ட் சாலையிலுள்ள சுங்க மாளிகைக்கு நாள்தோறும் சென்று கிளியரிங் வேலை செய்பவர், "அண்ணாச்சி, அந்தக் காருக்கு ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

துபாயில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்லும். ஆகவே ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். இந்தியாவிற்குள் இறக்குமதியாகும் பழைய வாகனத்திற்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தே தீரவேண்டும். இந்த ஒரு நிபந்தனையே வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் வாங்கி ஓட்டுகிற கார்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆயினும் அவர்களுக்கு வேறு தடைகள் உண்டு. வண்டி தயாரிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டிருக்கலாகாது. வாங்கிய நாளைக் கணக்கில் கொள்ளாதீர்கள். பலர் இதில்தான் தவறுகிறார்கள். இன்னும் ஐந்து ஆண்டுகளாவது சாலையில் ஓடும் தகுதி அதற்கு இருக்கவேண்டும்.

கொல்கத்தாவாசிகள் கவனிக்கவேண்டியது மற்றொன்று. புதிய கார்களை இறக்குமதி செய்ய அனுமதிக்கப்பட்ட துறைமுகங்களில் நம் கொல்கத்தாவும் ஒன்று. ஓடிய கார்களுக்கோ மும்பைத் துறைமுகம் ஒன்றே வாசல். கிதர்பூரில் இறக்கித் தருவேன் என்று அந்த ஏஜென்ட் சொன்னபோதே அவர் விதியை அறியாதவர், அல்லது அறிந்தும் மறைத்தவர் என்பது விளங்கிற்று.

"பல வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கு வரிச்சலுகை உண்டல்லவா?" என்று தகப்பனார் கேட்டார். உண்டு, ஆனால் அது வீட்டுச் சாமான்களுக்கே. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், பயணியின் மூட்டைமுடிச்சு என்றால் என்னவென்று சொல்லும் இடத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று விலக்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் ஒரு கணக்கு, கார் வேறு கணக்கு. பழைய காருக்கு அடிப்படைச் சுங்கவரி பல ஆண்டுகளாக 125 விழுக்காடாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் வரிகளின் பெயரும் பங்கும் மாறினவேயன்றிச் சுமை குறையவில்லை. கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மேல் அவ்வரி விழும். அதற்குமேல் ஜி.எஸ்.டி. வேறு. ஒரு காரின் விலையைக் கொடுத்து வாங்கியதை, மீண்டும் ஒரு காரின் விலைக்கு மேல் கொடுத்து மீட்பதற்கு ஒப்பாகும் இது.

இவற்றை அறியாமல் ஏற்றிவிட்டால் என்ன நேரும்? கப்பல் நிறுவனம் கூலியைப் பெற்றுக்கொண்டு ஏற்றிவரும். வண்டி உள்ளே போகுமா என்பது அதன் கவலையன்று. துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் ஏறும். இறக்கிய 30 நாட்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை விற்றுவிட சுங்கச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு இடமளிக்கிறது. விதிக்கு மாறாக வந்தது என்று பறிமுதல் செய்யப்படவும் கூடும்.

கார்னெட் என்கிற ஆவணத்தின் பேரில் வெளிநாட்டுப் பதிவு எண்ணோடு கார்கள் நம் சாலைகளில் வருகின்றனவே என்று சிலர் நினைக்கக்கூடும். அது 1954-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையின்படி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குரிய தற்காலிக அனுமதி. குறித்த காலத்திற்குள் வண்டி திரும்ப வெளியேறவேண்டும். தவறினால் முழு வரியும் கட்டவேண்டும். குடியேறுகிறவனுக்கு அது உதவாது.

அன்றிரவே தகப்பனார் மகனோடு தொலைபேசியில் பேசினார். நல்லவேளையாக வண்டி இன்னும் ஜெபல் அலி துறைமுகத்திற்குப் போகவில்லை. மகன் வங்கிக் கடனின் மீதியைக் கட்டி, கடனில்லை என்ற கடிதத்தைப் பெற்று, முல்கியாவை மாற்றிக்கொடுத்து, காரை அங்கேயே விற்றுவிட்டான். ஏஜென்டிடம் கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. ஒன்பது ஆண்டு உழைப்பில் அவன் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. அவனுடைய தாயார் அதை நிழற்படத்தில் மாத்திரமே கண்டிருந்தார்.

பின்பு நாகர்கோவிலிலிருந்த மாமாவின் சிறிய காரை அவர்கள் விலைக்கு வாங்கினார்கள். தமிழ்நாட்டு வண்டியை வங்காளத்திற்குக் கொண்டுவருகிற வாசகர்கள் நம்மில் அநேகர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புறப்படுமுன் அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று பெறவேண்டும். (மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதற்குரிய பிரிவு 48-தான்!) வண்டியின்மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெற்றாகவேண்டும். சான்றில்லாமல் வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்கென்று மீண்டும் கன்னியாகுமரி மாவட்டத்திற்கு ரயில் ஏறியவர்களை நான் அறிவேன்.

பெல்தலா அலுவலகத்தில் புதிய எண் கிடைத்த அன்று மாலை நான் ஜெபிக்கச் சென்றேன். தாயார் முன் இருக்கையில் ஏறி அமர்ந்து, மகனை நோக்கி, "தம்பி, அந்த போட்டோவில் நீ இந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தாய்?" என்று கேட்டார்.