சொட்டு சொட்டா ஆயில் ஒழுகுதா? என்ஜினை இறக்கும் முன் இதைப் பாருங்க!

காலையில் காரை எடுத்தால் தரையில் கருப்பாக ஆயில் கறை. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. இந்த காரின் தயாரிப்பு 2014-ம் ஆண்டிலேயே நின்று விட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே 10 வயது தாண்டியாச்சு. என்ஜின் சூட்டில் ரப்பர் பேக்கிங்கும், ஆயில் சீலும் காய்ந்து இறுகி விடுவதுதான் கசிவுக்கு முக்கிய காரணம்.

"என்ஜினை இறக்கணும்" என்று மெக்கானிக் சொன்னதும் பயந்துடாதீங்க. பல வண்டிகளில் சில நூறு ரூபாய் பேக்கிங்கோடு வேலை முடிந்து விடும்.

எங்கே கசியுது?

சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே டேப்பட் கவரில் கசியும் ஆயில், வழிந்து வந்து கீழே சேம்பரில் சொட்டும். அதைப் பார்த்து சேம்பரை கழற்றினால் காசுதான் தண்டம்.

என்ஜின் ஆறியதும் சுத்தமாக துடையுங்கள். 10 கிலோ மீட்டர் ஓட்டி வந்து நிறுத்தி, டார்ச் அடித்து பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது மேலே இருக்கிறதோ, அதுதான் கோளாறு.

என்ன செய்யணும்?

* டேப்பட் கவர்: பேக்கிங் மாற்றினால் போதும். நட்டை ஓவரா முறுக்கினால் கவர் வளைந்து மறுபடியும் கசியும்.

* ஆயில் பில்டர், டிரெயின் நட்: பில்டர் ரப்பரில் ஆயில் தடவி, கையாலேயே முறுக்கணும். நட்டுக்கு புது வாஷர் போடணும்.

* டைமிங் பெல்ட் பக்கம்: சீலோடு பெல்ட்டையும் மாற்றி விடுங்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்று விடும்.

* என்ஜினும் கியர் பாக்சும் சேரும் இடம்: பெரிய வேலை. கியர் பாக்சை இறக்கணும். அப்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்து விடுங்கள், இரட்டை கூலி மிச்சம்.

புது சீல் போட்டும் கசிந்தால் பிரீதர் குழாயை பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை வெளியே தள்ளும்.

உஷார்!

சூடான சைலன்சர் குழாயில் ஆயில் சொட்டினால் புகை வரும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. வாரம் ஒருமுறை சமமான தரையில் வண்டியை நிறுத்தி, ஆயில் குச்சியை பாருங்கள். அளவு 2 கோடுகளுக்கு நடுவில் இருக்கணும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் "வீடு வரை போயிடலாம்" என்று நினைக்காதீங்க. உடனே ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். இல்லாவிட்டால் பேக்கிங்கில் முடிய வேண்டிய செலவு, முழு என்ஜின் வேலையில் போய் நிற்கும்.