புகையை விட்டவருக்குப் பரிசு உண்டு!

புகைப்பதை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்ட சகோதரரே, இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. இன்னும் முடிவுக்கு வராதவர்கள் இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள பெண்களிடம் கொடுத்துவிடலாம். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. புகையின் தீங்குகளை இங்கே நான் அடுக்கப் போவதில்லை. அவற்றைச் சிகரெட் பெட்டியின் மீதே படம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு அடுத்ததை உருவி எடுப்பதில் நாமும் நல்ல தேர்ச்சி பெற்றிருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது வேறு. விட்டுவிடத் துணிந்தவர்களில் பலர் தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டுதான் அதைத் தொடங்குகின்றனர். "இனித் தொட்டால் நான் மனிதனே இல்லை" என்று ஒரு சபதம். தொட்டுவிட்டால் ஐந்நூறு ரூபாய் அபராதம். மார்க்கத்தில் கூடாதென்று தெரிந்திருந்தும் பிள்ளையின் தலைமீது கைவைத்து ஒரு சத்தியம். தண்டனைக்குக் குறைவில்லை, வெகுமதியோ மருந்துக்கும் கிடையாது. இருபத்தோர் ஆண்டுகள் புகைத்த நான், இவ்வாறு சபதமிட்டு நான்கு முறை விட்டேன். நான்கு முறையும் தோற்றேன். ஒருமுறை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

ஏன் அப்படி? சிகரெட்டை ஒருமுறை இழுத்தால், சுமார் பத்து விநாடிகளில் அதிலுள்ள நிக்கோட்டின் மூளையைச் சென்றடைந்துவிடுகிறது. இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்னும் பொருளை அது அங்கே சுரக்கச் செய்கிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று கொண்டால், நாளொன்றுக்குப் பத்து சிகரெட் பிடிப்பவர் தமக்குத் தாமே நூறு சின்னஞ்சிறு பரிசுகளை வழங்கிக்கொள்கிறார். உண்பதும் உறங்குவதும்கூட இத்தனை முறை நிகழ்வதில்லை. இப்படிப் பழகிவிட்ட மூளையிடம், "இன்றுமுதல் உனக்கு ஒன்றுமில்லை, ஓராண்டு பொறுத்தால் இதயநோய் வரும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்" என்று சொன்னால் அது கேட்குமா? சொல்வது முழு உண்மைதான். ஆனால் ஓராண்டு என்பது அதற்கு மறுகரை தெரியாத கடல்.

ரமளானில் நாம் கண்கூடாகக் காணும் ஒன்றை இங்கே நினைத்துப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை புகைத்தே தீரவேண்டியவர், ஸஹருக்குப் பின் பதின்மூன்று மணி நேரத்திற்கு மேல் சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறார். வணக்கத்தின் நோக்கம் வேறு, அதன் கூலி வேறு. அதை நான் இங்கே இழுக்கவில்லை. உடலின் பழக்கத்தை மட்டுமே சொல்கிறேன். மஃரிப் பாங்கு எத்தனை மணிக்கு என்பது அவருக்கு நிமிடக் கணக்கில் தெரியும். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் காத்திருக்கின்றன என்பதும் தெரியும். எல்லை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பொறுக்க முடிகிறது. கஞ்சியைக் குடித்த கையோடு பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடைக்கு அவர் விரைகிறார் என்பது வருத்தத்திற்குரிய வேறு கதை. நானும் விரைந்தவன்தான்.

ஐந்தாம் முறை விட்டபோது தண்டனையைக் கைவிட்டு வெகுமதிக்கு மாறினேன். ஆனால் தவறான வெகுமதி. சிகரெட்டுக்குச் செலவாகும் காசை ஒரு பால்மாவு டப்பாவில் நாள்தோறும் போட்டு, ஆண்டு முடிவில் குளிர்சாதனப் பெட்டி வாங்குவது என்று திட்டமிட்டேன். ஒன்பது வயதிலிருந்த மகளை நாள்காட்டியில் தினமும் ஒரு குறி இடச் சொன்னேன். பத்தொன்பதாம் நாள் ஒரு ஜனாஸா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் பெட்டியை நீட்டினார். வாங்கிவிட்டேன். வீடு திரும்புமுன் வாய் கொப்பளித்து, கிராம்பு மென்று, சட்டையையும் உதறிக்கொண்டேன். மகள் அருகில் வந்து நின்றாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் அன்றைய நாளுக்கும் குறியிட்டாள். மறுநாளிலிருந்து அவள் குறியிடவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டப்பாவில் சேர்ந்திருந்த பணம் அடுத்த சில வாரங்களில் சிகரெட்டாகவே கரைந்தது.

பிள்ளைகளை இந்த விஷயத்தில் காவல்காரர்களாக ஆக்காதீர்கள். அந்தப் பாரம் அவர்களுக்குரியது அன்று.

ஆறாம் முறை வழி சொன்னவர் என் மனைவி. "வருசக் கடைசி இருக்கட்டும். இன்னைக்கு ராத்திரிக்கு உங்களுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் ஐந்து முறை தோற்க வேண்டியிருந்தது போலும்!

நாங்கள் செய்தது இதுதான். விடும் நாளுக்கு முந்திய இரவே ஒரு தாளில் பரிசுகளை எழுதிவைத்தோம். நிக்கோட்டின் கிடைக்காமல் உடல் படும் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாள்களில்தான் உச்சத்தை அடைகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஆகவே முதல் மூன்று நாள்களுக்கு ஒவ்வோர் இரவும் ஒரு பரிசு. பின்னர் ஏழாம் நாள், பதினான்காம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் என்று இடைவெளி விரியும். முதல் இரவு, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரம். நாகூர் ஹனீபாவின் பழைய பாடல்களைக் கேட்டுக்கொண்டு மாடியில் படுத்திருந்தேன். இரண்டாம் இரவு, தலைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர்க் குளியல். மூன்றாம் இரவு, விலை பார்க்காமல் வாங்கிய நல்ல பேரீச்சம்பழம் கால் கிலோ. இவையெல்லாம் ஒரு பரிசா என்று சிரிக்கத் தோன்றும். மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு, கை நடுங்க, எதிர்ப்பட்டவர் மீதெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு ஒன்பது மணிக்கு எனக்கென்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே பிடித்து நிறுத்தியது.

ஏழாம் நாளின் பரிசு அத்தர். இதை மட்டும் அனைவருக்கும் பரிந்துரைப்பேன். புகை நம் மூக்கையும் நாக்கையும் மழுங்கடித்துவிடுகிறது. விட்ட சில நாள்களிலேயே மணமும் சுவையும் மீளத் தொடங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் பெருநாளுக்குப் பெருநாள் பூசிவந்த அதே மல்லிகை அத்தர்தான். சிறு குப்பியைத் திறந்தபோது புதிதாக எதையோ முகர்வது போலிருந்தது. பதினான்காம் நாள் பல் மருத்துவரிடம் போய்க் கறையை நீக்கிக்கொண்டேன். கண்ணாடியில் வெண்மையாய்த் தெரியும் பல்லை மீண்டும் கறையாக்க மனம் சற்றுக் கூசும். அதுவும் ஒரு லாபம்.

பணம் எங்கிருந்து வரும் என்கிறீர்களா? ஒரு சிகரெட் 15 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்குப் பத்து என்றால் 150 ரூபாய், முப்பது நாளில் 4,500, ஓராண்டில் 54,750. இதில் ஒரு பகுதியைப் பரிசுக்கு ஒதுக்கினால் போதும். இல்லத்தரசிகளுக்கு இங்கே ஒரு விண்ணப்பம்: எரிவாயு தீர்ந்துவிட்டது, பள்ளிக் கட்டணம் வந்துவிட்டது என்று அந்த டப்பாவில் கை வைத்துவிடாதீர்கள். உழைத்தவனுக்குக் கூலியைத் தள்ளிப்போடுவது போன்றது அது. முப்பதாம் நாளின் பரிசு உங்களுக்கே உரியதாக இருக்கட்டும். அந்த ஒரு மாத எரிச்சலைத் தாங்கியவர் நீங்கள்தாமே!

பீடி பிடிப்பவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மிச்சமாகும் காசு குறைவு. மேலப்பாளையம் போன்று வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றும் ஊர்களில், விட நினைப்பவரின் கண்ணெதிரே தட்டு நிறையப் பீடி இருக்கும். அவருக்குக் காசில்லாத பரிசுகளே ஏற்றவை. தட்டும் இலையும் இல்லாத இடத்தில் ஒரு மாலைப்பொழுது, நண்பரோடு ஆற்றங்கரை வரை ஒரு நடை, விடுமுறையன்று ஸுப்ஹுக்குப் பின் ஒரு நிம்மதியான தூக்கம். பரிசின் விலை முக்கியமன்று. சொன்ன நாளில் கிடைப்பதே முக்கியம்.

இது என் வீட்டு அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் ஒரு பெரிய மருந்துக்கடை நிறுவனத்தின் ஊழியர்கள், அவர்களின் உறவினர், நண்பர் என 2,538 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. புகையை விட்டால் சுமார் 800 டாலர் பரிசு என்ற திட்டத்தைச் சிலருக்கும், தம் சொந்தப் பணம் 150 டாலரை முன்னதாகக் கட்டி, தோற்றால் அதை இழக்கும் திட்டத்தை வேறு சிலருக்கும் அளித்தனர். பரிசுத் திட்டத்தை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்றனர். பணத்தைப் பணயம் வைக்க முன்வந்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். ஆறு மாதம் புகைக்காமல் நிலைத்தவர்கள் பரிசுத் திட்டத்தில் 15.7 விழுக்காடு, பணயத் திட்டத்தில் 10.2 விழுக்காடு, இரண்டுமில்லாமல் வழக்கமான உதவி மட்டும் பெற்றோரில் 6 விழுக்காடு. பணயம் வைக்கத் துணிந்த சிலருக்கு அது நன்றாகவே பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் இதுபோன்ற 33 ஆய்வுகளை, இருபத்தோராயிரத்திற்கு மேற்பட்டவர்களின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தபோதும், பரிசு பயனளிக்கிறது, அது நின்ற பிறகும் பயன் தொடர்கிறது என்றே தெரிந்தது. ஆயினும் அந்த 15.7ஐ இன்னொருமுறை பாருங்கள். பரிசு கிடைத்தும் நூறில் எண்பத்து நான்கு பேர் தோற்றிருக்கின்றனர். ஆகவே பரிசை மட்டும் நம்பியிராமல் மருத்துவரையும் பாருங்கள். நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா அரசு உதவித் தொலைபேசி 2016இல் தொடங்கப்பட்டது. 2018 முதல் புகையிலைப் பெட்டிகளின் மீதே அந்த எண் அச்சிடப்படுகிறது.

சில பரிசுகள் பகையாகவும் முடியும். ஒவ்வோர் இரவும் அல்வாவும் பிரியாணியும் வேண்டாம். விட்டவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடுகிறது. நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்குப் பஞ்சமுமில்லை. கூடுதலாகத் தேநீரும் வேண்டாம். புகைப்பவர் உடல் காஃபினை விரைவாகக் கழித்துவிடுகிறது. விட்டபின் அதே இரண்டு கோப்பை அதிக நேரம் உடலில் தங்கி, படபடப்பைத் தந்து தூக்கத்தைக் கெடுக்கும். அதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. வாய்க்கு ஏதேனும் வேண்டுமென்றால் மிஸ்வாக் குச்சி, ஏலக்காய், நெல்லிக்காய். ஓர் ஆசை எழுந்து அடங்கச் சில நிமிடங்களே ஆகும். அதுவரை மெல்ல ஏதாவது இருந்தால் போதும். பாக்கு மட்டும் கூடாது. அதுவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் ஷீஷாவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவும்.

எல்லாவற்றிலும் பொல்லாத பரிசு ஒன்றுண்டு. "ஒரு மாதம் விட்டுவிட்டேனே, அதற்காக ஒன்றே ஒன்று" என்று சிகரெட்டையே பரிசாகக் கேட்கும் மனம். பரிசுகளை முன்கூட்டியே எழுதிவைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்நேரத்து மனத்திடம் யோசனை கேட்கக் கூடாது. தாளைத்தான் பார்க்க வேண்டும்.

நாற்பதாம் நாள் எனக்கு இதுவே நேர்ந்தது. பேருந்து நிலையத்தில் ஒன்று வாங்கிப் பாதி புகைத்துவிட்டேன். இம்முறை கிராம்பு மெல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். அத்தரையும் மற்றவற்றையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஏற்கெனவே ஈட்டியது ஈட்டியதுதான் என்று தாளிலேயே எழுதியிருந்தோம். எண்ணிக்கை மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகள் நாள்காட்டியை எடுத்துவந்து, "அப்ப நாளைக்கு ஒண்ணுன்னு போட்டுக்குங்க வாப்பா, நீங்களே போடுங்க" என்று பென்சிலை என்னிடம் தந்தாள்.

எட்டு ஆண்டுகள் ஆகின்றன. தொண்ணூறாம் நாளுக்கென்று வைத்திருந்த குற்றாலப் பயணம் அதனால் ஆறு வாரம் தள்ளிப் போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீசன் முடிந்துவிட்டிருந்தது. அருவியில் நூல்போலத்தான் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மூவரும் முறைவைத்து நின்று குளித்தோம்.