வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை புள்ளி?

2025 ஜூன் 10ஆம் திகதி ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் இலங்கை 3–1 என்று சீன தாய்ப்பேயை வென்றது. மறுநாள் பதுளை பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் ஆளுக்கொரு தீர்ப்பு. குவைத்காரரான அப்துல்லா அல்முதைரி வந்த பிறகுதான் நமக்கு விடிவு என்றது ஒரு கட்சி. வெளிநாட்டில் வளர்ந்த பெடியன்களைக் கூட்டிவந்தால் யார் பயிற்றுவித்தாலும் வெல்லலாம் என்றது மறு கட்சி. இரண்டு பேருமே ஸ்கோரை மட்டும் வைத்துத்தான் பேசினார்கள். ஒரு தேசிய அணிப் பயிற்றுவிப்பாளரை அப்படி அளக்க முடியாது என்பதே என் எண்ணம்.

கழகப் பயிற்றுவிப்பாளர் தினமும் காலையில் வீரர்களைப் பார்க்கிறார். தேசிய அணிக்கு அந்த வசதி கிடையாது. 2025ஆம் ஆண்டு பீபா நாட்காட்டியில் சர்வதேசப் போட்டிகளுக்கான இடைவெளிகள் மார்ச், ஜூன், செப்டெம்பர், ஒக்டோபர், நவம்பர் என ஐந்துதான். ஒவ்வொன்றிலும் சில நாட்கள்தான் வீரர்கள் கையில் இருப்பார்கள். அதற்குள் யாருக்கும் பந்தை நிறுத்தவோ பாஸ் கொடுக்கவோ கற்றுத்தர முடியாது. அவரால் முடிந்தவை, யாரை எடுப்பது, எப்படி நிறுத்துவது, கோர்னர், ஃப்ரீகிக் நேரத்தில் யார் எங்கே நிற்பது, பின்தங்கும்போது யாரை மாற்றுவது போன்றவையே. அவருக்குரிய புள்ளியை அங்கேதான் தேட வேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. கவ்வாத்து வெட்டிய மலையில் கொழுந்து குறைந்தது என்று புதிதாக வந்த துரையை யாரும் குறைசொல்வதில்லை. இரண்டு வருடம் கழித்து அதே மலையில் கொழுந்து கொட்டும்போது, அந்த மாதம் வந்தவர் பெயர் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு!

ஓரளவு நியாயமான அளவுகோல், அதே எதிரணியோடு முன்பு எப்படி ஆடினோம் என்று பார்ப்பது. 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் 0–8. சில நாட்களில் கொழும்பில் லெபனானிடம் 0–3. பிறகு அமிர் அலஜிக் பொறுப்பேற்றார். 2021 ஜூனில் லெபனானுடன் 2–3, தென்கொரியாவுடன் 0–5. புள்ளிப் பட்டியலில் இரண்டு தடவையும் பூச்சியந்தான். ஆனால் லெபனானுக்கு எதிராக இரண்டு கோல் போட்ட அணியும் முன்பு சொந்த மைதானத்தில் ஒன்றும் போடாத அணியும் ஒன்றல்ல. (தென்கொரியா இரண்டாவது தடவை எவ்வளவு முனைப்போடு ஆடியது என்பது வேறு கேள்வி.)

அதே ஆண்டு ஒக்டோபரில் மாலைதீவில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இந்தியாவுடன் 0–0 என்று சமன் செய்தோம். ஆனால் ஒரு போட்டியிலும் வெல்லவில்லை. நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாட்டுச் சுற்றுப்போட்டியில் மாலைதீவுடன் 4–4. நான்கு கோலும் ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக் போட்டவை. இறுதிப் போட்டியில் சீஷெல்ஸிடம் பெனல்டியில் கிண்ணம் போனது. இதில் பயிற்றுவிப்பாளரின் பங்கு எவ்வளவு, ஒரு தனி வீரரின் பங்கு எவ்வளவு? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரித்துவிட்டேன் என்பவர்களையும் நான் நம்புவதில்லை.

அந்தத் தெற்காசியக் கிண்ணத்தில் நம்மை 3–2 என்று வென்ற நேபாளத்தின் பயிற்றுவிப்பாளர் யார் தெரியுமா? இதே அல்முதைரிதான். நேபாளத்தை முதன்முறையாக அந்தக் கிண்ணத்தின் இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர் அவர்.

இடையில் வந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஆண்டி மொரிசனின் கணக்குத்தான் பாவம். 2022 ஜூனில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மூன்று போட்டி, மூன்று தோல்வி, ஒரு கோலும் இல்லை. அடுத்து 2023 ஜனவரி 21இல் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. ஏழு மாதம் சர்வதேசப் போட்டியே இல்லாத அணி, ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்கு இறங்கி யேமனிடம் 0–3 என்று தோற்றது. கொழும்பில் 1–1. அந்த ஏழு மாதத்தை யார் கணக்கில் எழுதுவது? நிர்வாகச் சண்டையின் விலையைப் பயிற்றுவிப்பாளரின் தலையில் கட்டுவது நமக்குப் பழகிப்போன ஒன்று.

இனி அல்முதைரி. 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் 0–0, 2–2, பிறகு பெனல்டியில் வெற்றி. பெனல்டியில் பாதி அதிர்ஷ்டம் என்பதால் அதற்கு நான் முழுப் புள்ளி கொடுக்கமாட்டேன். 2025 மார்ச்சில் பேங்கொக்கில் தாய்லாந்திடம் 0–1 என்ற தோல்விக்கு அதைவிட அதிகம் கொடுப்பேன். தரவரிசையில் 200ஐ ஒட்டிக் கிடக்கும் அணி அங்கே போய் ஒரே கோலோடு திரும்புவது சின்ன விடயமில்லை.

அவருடைய அணியில் சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா, ஜெர்மனியிலிருந்து வந்த கிளோடியோ கமர்க்னெக்ட் போன்றவர்கள் இருந்தார்கள். பெற்றோரோ பாட்டன் பாட்டியோ இங்கே பிறந்திருந்தால் பீபா விதி இடம் கொடுக்கிறது. தவறொன்றும் இல்லை. நேரடி வர்ணனையில் ஆதவன் என்ற பெயர் கேட்டதும் பசறைப் பக்கத்து லயங்களில் கைதட்டுகிறார்கள். கைதட்டும் பெடியன்களில் ஒருவனாவது அந்த அணிக்குள் போக வழியிருக்கிறதா என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பதுளையில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. தோட்டத்துப் பெடியனுக்கோ லயத்துக்குக் கீழே ஒரு பக்கம் சரிந்த பொட்டல்தான் மைதானம். பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கித் தேட வேண்டும். 2025இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த வீட்டில் ஒரு சோடி பூட்ஸ் வாங்குவது பல நாள் உழைப்பு. தெரிவுக்குக் கொழும்பு போக ரயில் பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஒரு முழுநாள் பயணம். இதற்கெல்லாம் குவைத்திலிருந்து வந்தவர் பொறுப்பில்லை, சம்மேளனமும் மாகாண விளையாட்டுத் திணைக்களமுமே பொறுப்பு.

அவரிடம் கேட்கக்கூடியவையும் சில உண்டு. உள்ளூர் லீக் போட்டிகளில் எத்தனையை மைதானத்துக்குப் போய்ப் பார்த்தார்? குழுவில் எடுத்த உள்ளூர் வீரர்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், எத்தனை நிமிடம் பெஞ்சில் இருந்தார்கள்? பார்த்ததை வைத்துச் சம்மேளனத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தாரா?

2025 ஒக்டோபரில் துர்க்மெனிஸ்தானுடன் இரண்டு போட்டிகள் இருந்தன. குழுவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே ஆசியக் கிண்ணத்துக்குப் போகும் என்பதால் தேநீர்க் கடையில் மறுபடி ஸ்கோர்தான் பேசப்படும் என்பது தெரிந்ததே. நான் வீரர் பட்டியலையும் மாற்று வீரர்கள் எத்தனையாவது நிமிடத்தில் இறங்கினார்கள் என்பதையும் குறித்துவைக்க நினைத்தேன்.