ஈரம் வேறு, புழுக்கம் வேறு: மரவாழ் சிலந்தியின் பெட்டி கற்பிக்கும் பாடம்

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மூத்தோர் புகைக்கூடத்தை நன்கு அறிவர். பாலை உறையவைத்துத் தகடாக்கிய ரப்பர், ஈரத்தோடு அடைபட்டுக் கிடந்தால் பூஞ்சணம் பற்றும். ஆகவே, ஈரக்காற்று வெளியேறக் கூடத்தில் வழி அமைத்தனர். மரவாழ் டரான்டுலாச் சிலந்தியைப் பெட்டியில் வளர்ப்போர்க்கும் இதுவே முதற்பாடம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் ‘சிங்கப்பூர் நீலம்’ என்னும் இனத்தை 1924-இல் ஆபிரகாம் என்பார் அறிவியல் உலகிற்கு விவரித்தார். மரங்களில் இழைக்குழல் நெய்து உறையும் சிலந்தி அது. ஈரநாட்டு உயிர் என்பதால், பெட்டியை இறுக மூடி ஓயாது நீர் தெளிக்கின்றனர் சிலர். அன்பினால் நேரும் இப்பிழை உயிருக்கே இடராகலாம்.

நம் மொழி ஈரத்தையும் புழுக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. நீராவி மிகுந்து காற்று அசையாதிருக்கும் நிலையே புழுக்கம். மரத்தில் ஈரம் உண்டு. காற்று வந்து செல்லும் வழியும் உண்டு. மூடிய பெட்டியிலோ நீர் ஆவியாகி, காற்று கொள்ளும் எல்லையை எட்டியபின் சுவரில் துளியாகப் படிகிறது. இரையின் எச்சத்தில் பூஞ்சணமும் நுண்ணுயிரும் பெருகுகின்றன. ஏடுகள் அடுக்கியதுபோன்ற இரண்டு இணை நுரையீரல்களால் சுவாசிக்கும் சிலந்திக்கு அது தீங்கான சூழல்.

அப்படியாயின், ஈரத்தை அறவே நீக்கலாமா? அதுவும் பிழையே. சிலந்தி தன் கால்களின் முதன்மையான மூட்டுகளை உடல்நீர்மத்தின் அழுத்தத்தால் நீட்டுகிறது. நீர் வற்றினால் கால்கள் சுருளும், தோலுரித்தலும் தடைப்படும்.

ஆதலின் நாம் தேடுவது நடுநிலை. உயரமான பெட்டியில் ஒரு பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியிலும், எதிர்ச்சுவரின் மேற்பகுதியிலும் சிறு துளைகள் இடவேண்டும். வெப்பமான ஈரக்காற்று மேலெழுந்து வெளியேற, புதுக்காற்று கீழ்வழியே நுழையும். அடிமண்ணில் சிறிது ஈரமும், சிறு கிண்ணத்தில் நீரும் இருக்கட்டும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் அளவாகத் தெளிக்கலாம். மறுநாளும் துளிகள் உலராதிருப்பின் காற்றோட்டம் போதாது. சிலந்தி நீர்க்கிண்ணத்தையே அண்டிக் கிடப்பின் வறட்சி மிகுந்திருக்கலாம். மலேசியாவில் மாதச் சராசரி ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு வரை உள்ளது. எனவே இங்கு நாம் முதலில் கருதவேண்டியது காற்றோட்டமே. குளிரூட்டிய அறையில் மட்டும் நீரின் தேவை கூடும்.

மாணவர்கள் இதனைச் சிலந்தியின்றியே ஆய்ந்தறியலாம். ஒரே அளவு ஈரமண் இட்ட இரு புட்டிகளுள் ஒன்றை மூடி, மற்றொன்றில் இருபுறமும் துளையிட்டு, நாள்தோறும் குறிப்பெழுதினால் போதும். காட்டுச் சிலந்தியைப் பிடித்துவருதல் தகாது. அதன் கடி கடும் வலி தருவது. இந்தியா, இலங்கைக்குரிய மரவாழ் இனமான பொயிகிலோதேரியாவின் பன்னாட்டு வணிகம் 2019 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இராமேசுவரத்திலும் அதன் ஓரினம் வாழ்கிறது.

வளர்ப்பவர் கைக்கொள்ளவேண்டிய நெறி ஒன்றே: ஈரம் இருக்கட்டும், புழுக்கம் வேண்டா.