புறக்கடைக் கோழிகளின் தீனியும் பாதுகாப்பும்

செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி, கிருஷ்ணகிரிக் குன்றுகளைச் சூழ்ந்த கிராமங்களில் கோழி இல்லாத குடியானவர் வீடு அரிது. நெல், மணிலா, கரும்பு ஆகியவற்றின் கணக்கை ஆடவர் வைத்திருக்க, கோழியின் கணக்கைப் பெரும்பாலும் பெண்டிரே வைத்திருக்கின்றனர். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திற்கும், திடீரென வந்த விருந்தினருக்கும், வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கும் சில்லறைச் சாமான்களுக்கும் அதிலிருந்தே பணம் வருகின்றது. இவ்வளவு உதவும் பிராணிக்கு வீட்டார் செய்யும் செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. செலவில்லாமை நல்லதே. ஆனால் கவனமும் இல்லாதிருப்பதுதான் நஷ்டத்திற்குக் காரணமாகின்றது.

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்டு அடைகாக்கும். இருபத்தொரு நாளில் குஞ்சுகள் வெளிவரும். இரண்டு மாதம் கழித்து எண்ணினால் பாதிக்குமேல் காணாமற்போவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பழியைப் பருந்தின் மேலும் கீரியின் மேலும் போடுவர். அவற்றுக்கும் பங்குண்டு என்பது மெய்யே. எனினும் அரைவயிற்றுத் தீனியால் மெலிந்து, தாயின் பின்னே ஓடமாட்டாமல் தங்கிவிட்ட குஞ்சைத்தான் பருந்து எளிதில் தூக்குகின்றது. புதிய உயர்ந்த ஜாதிக் கோழியை விலைகொடுத்து வாங்குவதற்கு முன், இருக்கும் குஞ்சுகளைக் காப்பதே இலாபம்.

கோழி தானே கிளறித் தின்னும் இரை எல்லாக் காலத்திலும் ஒன்றுபோல் இராது. தை, மாசி மாதங்களில் களத்திலும் வைக்கோற் போரிலும் தானியம் மிகுதியாய்க் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புழுபூச்சிகள் மிகுந்தும் தானியம் குறைந்தும் இருக்கும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து இரண்டும் அருகிவிடும். ஆகையால் களத்தில் தானியம் உள்ளபோது மேலும் தானியம் இறைப்பது வீண். அப்போது வேண்டுவது பிண்ணாக்கு, கறையான் போன்ற சதை வளர்க்கும் தீனியாகும். மழைக்காலத்தில் கம்பும் நொய்யும் உதவும். கோடையில் இரண்டுமே தேவை. வளர்ந்த கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி போதும். இதனை மாலையில், கூட்டின் அருகிலேயே போடுதல் வேண்டும். காலையில் பசியோடு திறந்துவிட்ட கோழியே நன்றாய் மேயும். மாலையில் தீனிக்கு வந்த கோழிகளை எண்ணி அடைக்கவும் இயலும்.

குஞ்சுகளுக்குக் கறையானினும் சிறந்த இரை புறக்கடையில் வேறில்லை. அதனைப் பிடிக்கும் முறையை முதியோர் அறிவர். இளைஞர் பலர் மறந்துவிட்டனர். பழைய மண்பானை ஒன்றில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், மக்கிய ஓலை முதலியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுள்ள இடத்திற்கு அருகே மாலையில் கவிழ்த்து வைக்கவேண்டும். மறுநாட் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்து, பானையைக் குஞ்சுகளின் நடுவே தட்டிவிட்டால், ஒரு பானை முப்பது குஞ்சுகளுக்கு ஒரு வேளைக்குக் காணும். கறையான் மருந்து அடித்த நிலத்திலிருந்து மட்டும் எடுக்கலாகாது.

நிற்க. இப்பகுதியினர் மல்லாட்டை என வழங்கும் மணிலாவின் பிண்ணாக்கு கோழிக்கு மிக உகந்தது. திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து இரகங்களால் பெயர்பெற்ற இச்சீமையில் அது எளிதிற் கிடைப்பதுமாகும். ஆயினும் ஈரம்பட்டுப் பூஞ்சாளம் பூத்த கொட்டையும் பிண்ணாக்கும் நஞ்சென்றே கொள்ளல் வேண்டும். 1960-இல் இங்கிலாந்தில் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, அவை தின்ற மணிலாப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சாளத்தின் விஷமே காரணமென்று தெளிவாயிற்று. அவ்விஷத்திற்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். அது ஈரலைக் கெடுக்கின்றது. வேகவைத்தாலும் முற்றும் நீங்காது. மாட்டுக்கு உதவாதெனத் தள்ளிய பிண்ணாக்கைக் கோழிக்குப் போடும் வழக்கம் அடியோடு விடத்தக்கது. விதைப்புக்கு மருந்து கலந்து மிஞ்சிய கொட்டையும், உப்பு மிகுந்த ஊறுகாய், கருவாட்டு மீதிகளும் அவ்வாறே.

முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உடைத்த கிளிஞ்சலை ஒரு சட்டியில் தனியே வைத்தால் வேண்டியமட்டும் தானே கொத்திக்கொள்ளும். முட்டையோட்டைக் கொடுப்பதாயின் வறுத்துத் தூளாக்கிக் கொடுக்கவேண்டும். முழு ஓட்டைக் கண்ட கோழி முட்டையையே கொத்தப் பழகிவிடும். முருங்கைக் கீரையைக் கட்டித் தொங்கவிடலாம். தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கவேண்டும், நாள்தோறும் கழுவவேண்டும். கூட்டின் சுவர் வெடிப்புக்களில் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் உண்ணிகளை, வெடிப்புக்களை அடைத்துச் சுண்ணாம்பு அடிப்பதால் ஒழிக்கலாம்.

இவ்வளவு செய்தும், வெள்ளைக்கழிச்சல் ஒன்று வந்துவிட்டால் நான்கைந்து நாளில் தெருவே வெறுமையாகிவிடும். 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகே கண்டறியப்பட்ட இந்நோய், 1927-இல் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டில் காணப்பட்டமையால் நம் நாட்டில் அவ்வூரின் பெயரால் வழங்கலாயிற்று. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், வாயைத் திறந்து மூச்சுவாங்குதல், கழுத்துத் திருகல் ஆகியவை அடையாளங்கள். வந்தபின் மருந்தில்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்துகளோ 1940-கள் முதலே உள்ளன.

தமிழக அரசினர் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கிராமங்களில் இலவசமாகத் தடுப்பூசி முகாம் நடத்துகின்றனர். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இறக்கையின்கீழ்ப் போடும் ஊசி எட்டு வாரம் நிறைந்த கோழிக்கே உரியது. மார்கழிக் கடைசியிலும் தையிலும் பொரித்த குஞ்சுகளுக்கோ மாசிக் கடைசியிலும் பங்குனியிலும்தான் எட்டு வாரம் நிறையும்; முகாம் அதற்குள் முடிந்துவிடும். மழை நீங்கிய பருவத்தில் பொரித்த தரமான குஞ்சுகள் இவையே. சித்திரை வெயிலில் நோய் பரவும்போது காப்பின்றி முதலில் விழுவனவும் இவையே. இவற்றுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஒரு வீட்டுக் கோழிக்குப் போட்டு அடுத்த வீட்டை விட்டால் பயன் குறைவு. ஆகவே கிராம அதிகாரிகள் முகாம் நாளிலேயே, வயது போதாமல் விடுபட்ட குஞ்சுகளை வீடுவாரியாகக் குறித்துவைத்து, பங்குனியில் ஒரே நாளில் ஊசி போட ஏற்பாடு செய்தல் நலம். மருந்தைப் பனிக்கட்டியிட்ட குடுவையிலேயே கொண்டுவரவேண்டும்; கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள், வெயிலுக்குமுன் காலையில் போட்டு முடிக்கவேண்டும். நோயுற்ற கோழிக்குப் போடலாகாது. சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனிக் கூடையில் கவிழ்த்து வைத்து, தலைதாழ்த்திச் சோர்வதில்லை என்று கண்டபின்னரே மற்றவற்றோடு விடவேண்டும். நோய்கண்ட வீட்டார் எஞ்சியவற்றைக் குறைந்த விலைக்குச் சந்தைக்கு ஏற்றுவதால்தான் அது அடுத்த ஊருக்குச் செல்கின்றது. செத்தவற்றை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டு மூடுதல் வேண்டும்.